கிடங்கு நிறைந்த கணிப்பொறி
சங்க அலுவலர்களும் அங்கத்தினர்களும் அறிய வேண்டியவை

— ஒரு கூட்டுறவு ஆய்வாளர்

நமது சங்கங்களின் பேரேடும் நாள்வழியும் இன்று பெரும்பாலும் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்துக்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 63,000 சங்கங்களுக்கென 2,516 கோடி ரூபாய் அப்போது மதிப்பிடப்பட்டது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் வழங்கல், கூலிப் பட்டியல், சரக்கு இருப்பு, சேலைக் கரைகளின் வடிவமைப்பு என யாவும் திரையிலேயே நடைபெறுகின்றன. இது வரவேற்கத்தக்க மாறுதல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், மாட்டை வாங்கினால் மட்டும் போதாது, தொழுவத்தையும் நாள்தோறும் பெருக்க வேண்டும். கணிப்பொறியை வாங்கிய பல சங்கங்கள் அதன் உள்ளே சேரும் குப்பையைக் கவனிப்பதில்லை. அதன் விளைவாக ஒரு நாள் காலை, 'வட்டில் போதிய இடம் இல்லை' என்ற பொருளில் திரையில் ஓர் ஆங்கிலச் செய்தி தோன்றுகிறது. அந்த நாள் பெரும்பாலும் தவணை முடியும் நாளாகவோ, கூலி வழங்கும் நாளாகவோ அமைந்துவிடுகிறது. அன்றுதானே பதிவுகள் மிகுதி!

தமிழ்நாட்டில் பயிர்க்கடனைத் தவணை நாளுக்குள் திருப்பிச் செலுத்தும் விவசாயிக்கு வட்டிச் சுமை இல்லை. தவணை தவறினால் வட்டி ஏறும். ஆகவே கடைசி நாளில் பணத்துடன் வந்து நிற்கும் அங்கத்தினருக்கு, வட்டில் இடமில்லை என்னும் செய்தி வெறும் இயந்திரக் கோளாறு அன்று. அவரது பணத்தைப் பற்றிய விஷயம். இச்செய்தி ஏன் தோன்றுகிறது, தோன்றியவுடன் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வட்டு என்பது யாது?

கணிப்பொறியில் இருவகை இடங்கள் உண்டு. ஒன்று, வேலை நடக்கும்போது மட்டும் தாள்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசையைப் போன்றது. இதனை நினைவகம் என்பர். மற்றொன்று, வேலை முடிந்தபின் ஏடுகளை அடுக்கி வைக்கும் அலமாரியைப் போன்றது, இதுவே வட்டு. மின்சாரம் நின்றால் மேசைமேல் இருந்தவை போய்விடும். அலமாரியில் இருப்பவை நிற்கும். நாம் இங்கே பேசுவது அலமாரி நிறைந்துவிடுவதைப் பற்றியதே. மேசையைப் பெரிதாக்குவதால் அலமாரியில் இடம் உண்டாகாது. வட்டு நிறைந்த சங்கத்துக்கு நினைவகத்தை விற்றுச் செல்லும் கடைக்காரரும் உண்டாதலின் இதனை முதற்கண் கூறினோம்.

வட்டுடன் கூடிய கணிப்பொறியை முதன்முதலாக வணிகத்துக்கு அளித்தது ஐ.பி.எம். நிறுவனம், ஆண்டு 1956. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. ஓர் அறைக்கு அலமாரி போல நின்ற அப்பெரிய பொறியில் 50 லட்சம் எழுத்துகளே அடங்கின. இன்று சங்க அலுவலகத்து மேசையடியில் உள்ள 512 ஜி.பி. வட்டில் அதனைப் போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு அடங்கும். அவ்வளவு பெரிய கிடங்கும் நிறைந்துவிடுகிறது என்றால், காரணம் கிடங்கின் சிறுமை அன்று. அடுக்கும் முறையின் குறையே.

அளவைப் பற்றி ஒரு மயக்கமும் உண்டு. 500 ஜி.பி. என்று எழுதி வாங்கிய வட்டு, கணிப்பொறியில் 465 என்றே காட்டும்; ஆயிரம் ஜி.பி. என்று வாங்கியது 931 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றினார் எனச் சிலர் சினப்பதுண்டு. வட்டு செய்வோர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். விண்டோஸ் 1,024 வீதம் எண்ணுகிறது. முன்னாளில் ஊருக்கு ஊர் படி வேறுபட்டது போன்றதே இது. நெல் குறையவில்லை, அளக்கும் படிதான் வேறு.

நிறைவதற்குக் காரணங்கள்

நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் பெரும்பாலும் காண்பவை நான்கு.

முதலாவது, காப்புப் பிரதிகள். கணக்கு மென்பொருள் நாள்தோறும் மாலையில் கணக்கு முழுவதையும் ஒரு பிரதி எடுத்து, அதே வட்டில் ஒரு மூலையில் வைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். பழைய பிரதிகளை நீக்கும்படி யாரும் அமைத்திருக்கமாட்டார்கள். ஒரு பிரதி 2 ஜி.பி. எனக் கொள்வோம். மாதம் 25 வேலை நாளுக்கு 50 ஜி.பி.; எட்டு மாதத்துக்கு 400 ஜி.பி. ஏப்ரல் மாதத்தில் 512 ஜி.பி. வட்டுடன் புதிதாக வாங்கிய கணிப்பொறி டிசம்பரில் திணறுவதற்கு இக்கணக்கே போதும்.

இரண்டாவது, படியெடுத்த ஆவணங்கள். கடன் மனுவுடன் சிட்டா, அடங்கல், அடையாள அட்டை முதலியவற்றை ஸ்கேனரில் படியெடுத்து வைக்கிறோம். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுத்துச் சுருக்காமல் சேமித்தால், ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 104 எம்.பி. இடத்தைக் கொள்ளும். அதே தாளை 200 புள்ளி வீதம் சாம்பல் நிறத்தில் எடுத்தால் 4 எம்.பி.க்கும் குறைவே. படிப்பதற்கு இரண்டும் ஒன்றே. இடத்தில் 27 மடங்கு வேறுபாடு. சேலைக் கரையின் வடிவமைப்புகளை ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புதிய பெயரில் சேமிக்கும் நெசவாளர் சங்கங்களிலும் இவ்வாறே இடம் கரைகிறது. 'இறுதி', 'புதிய இறுதி', 'மிக இறுதி' என்று ஒரே மயிலுக்குப் பத்துக் கோப்புகள் இருந்ததை நாம் கண்டதுண்டு.

மூன்றாவது, தானே சேரும் குப்பை. ஒவ்வொரு மென்பொருளும் வேலையின்போது தற்காலிகக் கோப்புகளை உண்டாக்குகிறது. அவற்றிற் பல முடிவில் நீக்கப்படாமல் தங்கிவிடுகின்றன. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது பழையவற்றை ஒதுக்கி வைக்கிறது. சுற்றறிக்கைகளை மின்னஞ்சலிலிருந்து இறக்கும்போதெல்லாம் அவை 'டவுன்லோட்ஸ்' என்னும் அறையில் குவிகின்றன. ஒரே சுற்றறிக்கையை ஐந்து முறை இறக்கினால் ஐந்து பிரதிகள்.

நான்காவது, அறை பிரித்ததில் உள்ள பிழை. ஒரே வட்டை சி, டி என இரு பகுதியாகப் பிரித்துக் கொடுக்கின்றனர். விண்டோஸும் மென்பொருள்களும் சி பகுதியில் உள்ளன. மேசைத் திரையில் வைப்பனவும் சி பகுதியிலேயே சேருகின்றன. சி நிறைந்து வழிய, டி காலியாகக் கிடக்கும். உரக்கிடங்கில் மூட்டை வைக்க இடமின்றித் தாழ்வாரத்தில் அடுக்கியிருக்க, அடுத்த கிடங்கு பூட்டிக் கிடப்பது போன்ற நிலை இது.

நிறைந்தபின் விளையும் தீங்கு

அங்கத்தினர்கள் இதனைக் கணக்கு முறையிலேயே எளிதாக உணரலாம். பணம் வந்தவுடன் முதலில் நாள்வழியில் எழுதுகிறோம். பின்னர் அதனைப் பேரேட்டில் அவரவர் தலைப்பில் ஏற்றுகிறோம். கணக்கு மென்பொருள்களின் தரவுத்தளமும் இம்முறையையே கையாளுகிறது. ஒவ்வொரு நடவடிக்கையும் முதலில் பதிவேட்டுக் கோப்பு என்னும் நாள்வழியில் எழுதப்பட்டு, அதன் பின்னரே தரவுக் கோப்பு என்னும் பேரேட்டுக்குச் செல்கிறது. நாள்வழியில் எழுத இடமில்லையெனில் பதிவை மென்பொருள் ஏற்க மறுத்துவிடும். அவ்வாறு மறுப்பது நன்மையே; பாதி எழுதி நிறுத்துவதினும் எழுதாமலிருப்பது மேல்.

கணக்குக்கு வெளியேயும் தொல்லைகள் தோன்றும். அச்சிட வேண்டியதைக் கணிப்பொறி முதலில் வட்டில் எழுதி வைத்துப் பின்னரே அச்சுப்பொறிக்கு அனுப்புகிறது. ஆதலின் வட்டு நிறைந்தால் பாஸ்புத்தகமும் இரசீதும் அச்சாகா. அச்சுப்பொறியைப் பழுது பார்க்க ஆள் அனுப்பிக் காசு செலவிட்டபின், குறை அங்கில்லை எனத் தெரியவரும். பாதுகாப்புக்கான புதுப்பிப்புகளும் இடமின்றி நின்றுவிடும். மையக் கணிப்பொறியில் கணக்கை வைத்து இணையத்தின் வழியே வேலை செய்யும் சங்கங்களும் இதிலிருந்து தப்பிவிட முடியாது. கணக்கு அங்கே பத்திரமாக இருக்கும், ஆனால் அதனைத் திறந்து காட்டும் இங்குள்ள கணிப்பொறி தடுமாறும்.

செய்தி தோன்றியவுடன் செய்ய வேண்டியவை

1. கையை எடுங்கள். செய்தியை மூடிவிட்டு மீண்டும் மீண்டும் பதிவு செய்ய முயல வேண்டா. செய்தியின் வாசகத்தை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பது மேலும் நன்று. எந்தப் பகுதி நிறைந்தது என்பது பல சமயம் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

2. கடைசியாகப் பதிவான இரசீதின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேற்பட்ட வரவு செலவுகளைக் கையால் இரசீது எழுதி நடத்துங்கள். பணத்துடன் வந்த அங்கத்தினரை, கணிப்பொறி இயங்கவில்லை என்று திருப்பி அனுப்புதல் எவ்வகையிலும் பொருந்தாது. தேதியிட்ட இரசீது அவர் கையில் இருக்க வேண்டும்.

3. 'திஸ் பி.சி.' என்னும் இடத்தைத் திறந்து ஒவ்வொரு பகுதியிலும் மீதியுள்ள இடத்தைப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இடமுள்ள பகுதியின் பட்டை சிவப்பாகக் காணப்படும்.

4. எதையும் நீக்குமுன், கணக்குத் தரவின் பிரதி ஒன்றை வெளிவட்டில் எடுத்துவிடுங்கள். இதனை மென்பொருளின் காப்புப் பிரதி வசதியைக் கொண்டே செய்ய வேண்டும்.

5. பின்னர் குப்பைத் தொட்டியாகிய 'ரீசைக்கிள் பின்'னைத் திறந்து பாருங்கள். நீக்கிய கோப்புகள் அங்கே சென்று தங்குகின்றன, இடம் விடுபடுவதில்லை. கிழிந்த சாக்குகளைக் கிடங்கின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மாற்றியது போன்றதே அது. தவறி நீக்கியது எதுவும் இல்லையென உறுதி செய்துகொண்டு அதனைக் காலி செய்யலாம்.

6. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சிஸ்டம்', அதனுள் 'ஸ்டோரேஜ்', அதனுள் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று சென்றால், நீக்கத்தக்கவற்றின் பட்டியல் அளவுடன் தோன்றும். பழைய 'டிஸ்க் கிளீன்அப்' கருவியும் இதனையே செய்யும். பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற பெயர் இருப்பின், அதற்கெதிரே குறி இல்லையென்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்கு வந்த கடிதங்கள் பலவும் அவ்வறையில்தான் இருக்கும்.

7. இதற்குப் பின்னும் இடம் போதாதெனில், பழைய காப்புப் பிரதிகளையும் படங்களையும் வெளிவட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். நகல் எடுத்து, வெளிவட்டில் அது திறக்கிறது என்பதைப் பார்த்து, அதன் பின்னரே மூலத்தை நீக்க வேண்டும். டி பகுதி காலியாயின், 'டாக்குமெண்ட்ஸ்' முதலிய அறைகளின் இருப்பிடத்தை அங்கு மாற்றிக்கொள்ளலாம்.

8. கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். ரொக்க இருப்பு, கடைசி இரசீது எண், திரையிலுள்ள நாள் மொத்தம் ஆகிய மூன்றும் ஒத்திருக்கின்றனவா எனச் சரிபார்த்து, கையால் எழுதிய இரசீதுகளை அவற்றின் உரிய தேதியிலேயே ஏற்றுங்கள். தவணை நாளில் கட்டிய பணம் மறுநாள் தேதியில் ஏறிவிட்டால், குற்றமற்ற விவசாயி வட்டி கட்ட நேரும்.

தொடலாகாதவை

இடத்துக்கு அலையும்போது கண்ணிற்படும் பெரிய கோப்பை நீக்கத் தோன்றுவது இயல்பு. ஆபத்தும் அங்கேதான் உள்ளது.

ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் கண்டதைக் கூறுவோம். வட்டு நிறைந்த செய்தி தோன்றியதும், அங்கிருந்த எழுத்தர் தரவு அறையைத் திறந்து பார்த்தார். பேரேட்டுக் கோப்பினும் பதிவேட்டுக் கோப்பு பன்மடங்கு பெருத்திருந்தது. இது வெறும் பதிவேடு, கணக்கன்று எனக் கருதிய அவர், மென்பொருளை நிறுத்திவிட்டு அதனை நீக்கினார். நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு ஏறாத பக்கங்களைக் கிழித்தெறிந்ததற்கு இது ஒப்பாயிற்று. கணக்கு திறக்க மறுத்தது. மென்பொருள் அளித்தவர்கள் வந்து, மூன்று நாளைக்கு முந்திய காப்புப் பிரதியிலிருந்து அதனை மீட்டனர். இடையிலிருந்த மூன்று நாட்களின் கூலி, நூல் வழங்கல், கடன் தவணை வரவுகள் யாவும் மறைந்துவிட்டன.

அவற்றை மீட்டுத் தந்தது இயந்திரமன்று. இரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளும், அங்கத்தினர் கையிலிருந்த இரசீதுகளும்தாம். தறி வீட்டில் மாடப்பிறையில் செருகி வைத்திருந்த இரசீதை ஒரு மூதாட்டி கொண்டுவந்து கொடுத்தார். எண்ணும் தொகையும் அடிக்கட்டையுடன் ஒத்தன. அதில் ஒரு ரூபாயும் குறையாமல் அவரது கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. ஆனால் அச்சங்கத்தில் நூல் வழங்கியதற்குக் கையொப்பம் பெறும் பழக்கம் சில மாதங்களாகக் கைவிடப்பட்டிருந்தது. திரையில் ஏறிவிட்டதே, காகிதம் எதற்கு என்ற எண்ணம். அந்த மூன்று நாட்களில் யார் எத்தனை கட்டு நூல் பெற்றார் என்பதில் எழுந்த தகராறு தீர நெடுநாளாயிற்று. நெசவாளருக்கும் சங்கத்துக்கும் இடையே நிலவிய நம்பிக்கையில் அதனால் ஒரு கீறல் விழுந்தது. அக்கீறலை எந்த மென்பொருளாலும் அடைக்க முடியாது.

பதிவேட்டுக் கோப்பு பெருத்துவிட்டால் அதற்கு வேறு பரிகாரம் உண்டு. எஸ்.கியூ.எல். சர்வர் போன்ற தரவுத்தளங்களில், முழு மீட்பு முறை என்ற அமைப்பு இருக்குமாயின், பதிவேட்டுக்குத் தனியே காப்புப் பிரதி எடுக்கும்வரை அதிலுள்ள பழைய இடம் மறுபடி பயன்படாது, கோப்பு வளர்ந்துகொண்டேயிருக்கும். காப்புப் பிரதி ஒழுங்காக எடுப்பதே அதற்கு மருந்து. இதனை மென்பொருள் அளித்தவர்களைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

மேலும், விண்டோஸ் அறையினுள் உள்ளவற்றையும், மென்பொருள்கள் வைக்கப்பட்டுள்ள அறையையும் கையால் நீக்கலாகாது. பெயர் தெரியாத 'துப்புரவு' மென்பொருள்களை இணையத்திலிருந்து இறக்குதல் கூடாது. உங்கள் கணிப்பொறி நிறைந்துவிட்டது, நாங்கள் தொலைவிலிருந்தே சரிசெய்கிறோம் என்று தாமாகத் தொலைபேசியில் அழைப்போருக்கு இடங்கொடுத்தல் அறவே கூடாது. இன்றைய எஸ்.எஸ்.டி. வகை வட்டுகளில் அடியோடு நீக்கியதை மீட்பது பெரும்பாலும் இயலாது என்பதையும் நினைவில் இருத்துவோமாக. தணிக்கை முடியாத ஆண்டின் எந்தக் கணக்குக் கோப்பும் சங்கத்தின் ஆவணமே. அதனை இடத்துக்காக அழித்தலும், பேரேட்டைக் கிழித்து அடுப்பில் இடுதலும் ஒன்றே.

இடமிருந்தும் இடமில்லை

சில வேளைகளில் வட்டில் இடம் தாராளமாக இருக்கும். ஆயினும் இடமில்லை என்ற செய்தி வரும். இதற்கு மூன்று காரணங்களை அறிந்து வைத்தல் நலம்.

பென் டிரைவில் காப்புப் பிரதி எடுக்கும்போது, அதில் 20 ஜி.பி. காலியாக இருந்தும் 5 ஜி.பி. கோப்பு ஏற மறுக்கலாம். அந்த டிரைவ் 'ஃபேட் 32' என்னும் பழைய முறையில் அமைக்கப்பட்டிருப்பின், தனிக் கோப்பு ஒன்று 4 ஜி.பி.க்கு மேற்படலாகாது. வாசல் குறுகலாயின் கிடங்கு காலியாயிருந்தும் பெரிய பேல் உள்ளே நுழையாதல்லவா? அதிலுள்ளவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, 'என்.டி.எஃப்.எஸ்.' அல்லது 'எக்ஸ்ஃபேட்' முறையில் அதனைப் புதிதாக அமைத்தால் போதும்.

விலையின்றிக் கிடைக்கும் எஸ்.கியூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ் தரவுத்தளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2012 முதல் 2022 வரையிலான பதிப்புகளில் ஒரு தரவுத்தளத்தின் தரவு 10 ஜி.பி.க்கு மேல் வளர இயலாது. வட்டு காலியாக இருப்பினும் பேரேட்டின் பக்கங்கள் தீர்ந்துவிடும். வட்டைத் துடைப்பதால் இங்கே பயனில்லை. மென்பொருள் அளித்தவரையே நாட வேண்டும்.

மூன்றாவது மின்னஞ்சல். கூகுள் விலையின்றித் தரும் 15 ஜி.பி. இடத்தில் மின்னஞ்சலும், சேமித்த கோப்புகளும், படங்களும் சேர்ந்தே அடங்க வேண்டும். அது நிறைந்தால் சங்கத்துக்கு அனுப்பப்படும் கடிதங்கள் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். கணிப்பொறியில் எவ்வளவு இடம் செய்தாலும் இக்குறை தீராது.

உலகில் நிகழ்ந்தவை இரண்டு

இவை சிற்றூர்ச் சங்கத்துக்கு மட்டுமே உரிய குறைகள் எனக் கருதி நாணவேண்டுவதில்லை. ஜப்பான் நாட்டு டொயோட்டா நிறுவனம் உலகறிந்தது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அந்நாட்டில் உள்ள அதன் 14 தொழிற்சாலைகளும் நின்றுவிட்டன. உதிரிப் பாகங்களுக்கு ஆணை அனுப்பும் கணிப்பொறிகள் இயங்கவில்லை. ஆகஸ்டு 27-ஆம் நாள் நடந்த பராமரிப்பின்போது, தரவுத்தளத்தில் சேர்ந்திருந்தவற்றை நீக்கி ஒழுங்கு செய்கையில் வட்டில் இடம் போதாமற்போயிற்று என அந்நிறுவனம் செப்டம்பர் 6-ஆம் நாள் அறிவித்தது. மாற்றாக இருந்த கணிப்பொறியும் அதே அமைப்பில் இயங்கியமையால் அதுவும் கைகொடுக்கவில்லை. கொள்ளளவு மிக்க வேறு கணிப்பொறிக்குத் தரவை மாற்றியபின், மறுநாள் தொழிற்சாலைகள் இயங்கலாயின.

இதில் நமக்குரிய பாடங்கள் இரண்டு. துப்புரவு செய்வதற்கும் இடம் வேண்டும். மூட்டைகளைப் புரட்டி அடுக்க நடுவே நிற்க இடமின்றிக் கிடங்கை நிறைத்துவிட்டால், பின்னர் ஒழுங்குபடுத்தவும் இயலாது. மற்றொன்று, மூலத்துக்கு நேரும் கேடு மாற்றுக்கும் நேருமாயின் அது மாற்றே அன்று. ஒரே வட்டில் கணக்கையும் அதன் காப்புப் பிரதியையும் வைத்திருக்கும் நமது சங்கங்கள் இதனை ஊன்றி எண்ண வேண்டும்.

மற்றது செவ்வாய்க் கோளில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் 'ஸ்பிரிட்' ஊர்தி 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே இறங்கிய சில வாரங்களுக்குள் பூமியுடன் ஒழுங்காகப் பேசாமல், ஓயாது தன்னை நிறுத்தி நிறுத்தி மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தது. அதன் சேமிப்பகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிக் குவிந்தமையால், அவற்றின் பட்டியலைத் தாங்கும் அளவுக்கு நினைவகத்தில் இடமில்லாமற் போனதே காரணம். பொறியாளர்கள் இங்கிருந்தபடியே வேண்டாத கோப்புகளை நீக்கி, பிப்ரவரியில் சேமிப்பகத்தைப் புதிதாக அமைத்தனர். அதன்பின் அவ்வூர்தி 2010 வரை பணிபுரிந்தது. அவ்வளவு தொலைவில் உள்ளதைச் சீர்செய்ய முடிந்ததெனில், நம் மேசையடியில் உள்ளதைச் சீர்செய்ய முடியாதா?

நிர்வாகக் குழுவின் கடமை

வட்டைத் துடைப்பது காரியதரிசியின் வேலைதானே என்று டைரக்டர்கள் ஒதுங்கிவிடலாகாது. கிடங்கின் சரக்கிருப்பைச் சரிபார்ப்பது போலவே இதுவும் குழுவின் பொறுப்பாகும். செலவு மிகுதியில்லாத சில ஏற்பாடுகளைக் கூறுகிறோம்.

மாதத்தின் முதல் வேலை நாளில் ஒவ்வொரு கணிப்பொறியிலும் மீதியுள்ள இடத்தைக் குறிக்க ஒரு சிறு நோட்டு வைக்கவும். ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும். ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டால், எந்த மாதத்தில் நிறையும் என்பதைக் கணக்குப் பிள்ளையே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். வழக்கத்துக்கு மாறாக ஒரே நாளில் இடம் வேகமாகக் குறையுமாயின், மென்பொருளிலோ பாதுகாப்பிலோ கோளாறு உள்ளதெனக் கொண்டு உடனே வல்லுநரை அழைக்கவும்.

காப்புப் பிரதிகள் மூன்று இடங்களில் இருக்கட்டும்: கணிப்பொறியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, அலுவலகத்துக்கு வெளியே மற்றொன்று. கணிப்பொறியில் கடைசி ஏழு நாட்களின் பிரதிகள் போதும். மாத முடிவுப் பிரதியை வெளிவட்டில் வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றுள் ஒன்றை வேறு கணிப்பொறியில் திறந்து பார்க்கச் செய்யவும். திறந்து பார்க்காத காப்புப் பிரதி, பூட்டிய பெட்டிக்குள் பணம் இருப்பதாக நம்புவதற்கு ஒப்பாகும்.

விண்டோஸில் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்ற வசதியை இயக்கிவைத்தால் தற்காலிகக் குப்பையை அது தானே நீக்கும். ஆனால் டவுன்லோட்ஸ் அறையைத் தொடாதபடி அமைக்க வேண்டும். ஆவணங்களை 200 புள்ளி வீதம் சாம்பல் நிறத்தில் எடுப்பதென ஒரு தீர்மானம் போதும். வட்டு வாங்கும் செலவு பல ஆண்டுகள் தள்ளிப்போகும். வேறு வழியில்லையெனில் பெரிய வட்டை வாங்கத் தயங்க வேண்டா. ஆனால் ஒழுங்கில்லாத இடத்தில் பெரிய கிடங்கு கட்டினால் பெரிய குப்பைதான் சேரும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு சொல்

சங்கம் அங்கத்தினர்களுடையது, அதன் கணிப்பொறியும் அவர்களுடையதே. ஆகவே பொதுக்குழுவில் இலாபப் பங்கைப் பற்றிக் கேட்பதுபோல, நம் கணக்கின் பிரதி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. நல்ல காரியதரிசி அக்கேள்வியை மகிழ்வுடன் வரவேற்பார்.

பணம் கட்டிய இரசீதையும், நூல் பெற்ற சீட்டையும், பாஸ்புத்தகத்தையும் பத்திரப்படுத்துங்கள். திரையில் தெரிகிறது என்பதற்காகக் காகிதத்தை விட்டுவிடாதீர்கள். கணிப்பொறி வேகமான எழுத்தர். ஆனால் தன் அலமாரியைத் தானே ஒழுங்குபடுத்தத் தெரியாத எழுத்தர். அதற்கு வாரம் ஒரு நாழிகை நாம் துணை நின்றால், தவணை நாளன்று பணத்துடன் வாசலில் நிற்கும் விவசாயியையும், கூலிக்குக் கைநீட்டும் நெசவாளரையும் அது ஏமாற்றாது.